படத்துணியின் மறுமுனை

சாரலில் நனைந்த காடாத் துணியும் அதில் பூசிய பெயிண்டும் சேர்ந்தால் ஒரு வாடை அடிக்கும். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் முன்பின் மாறி வரலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்தும் கோணல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா தென்காசிப் பக்கம் ஒரு சின்னச் சபையில் உபதேசியாராக இருந்தார். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் சனிக்கிழமைதோறும் அருவிக்குப் போகிற பாதையில் நின்று தெருப் பிரசங்கம் செய்வார். அதற்கென்று அவரே வரைந்த துணிக்கு எங்கள் வீட்டில் 'படத்துணி' என்று பெயர். பெரிய சிவப்பு இருதயம், அதற்குள் பெருமைக்கு மயில், பொறாமைக்குப் பாம்பு, கோபத்துக்குப் புலி, சோம்பலுக்கு ஆமை, பெருந்தீனிக்குப் பன்றி, வஞ்சகத்துக்கு நரி என்று ஆறு மிருகங்கள். மயில் மிருகமா என்று கேட்காதீர்கள், நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மேலே கட்டிய மூங்கில் கம்பின் ஒரு முனையை நான் பிடிப்பேன். மறுமுனையை ராகேல் பிடிப்பாள்.

ராகேல் என் வயதுக்காரி. அவள் வீட்டார் நான் சொல்லவரும் சீசனுக்கு முந்தின வருடம்தான் ஞானஸ்நானம் பெற்று எங்கள் சபைக்கு வந்தார்கள். வேதக்கோவிலில் கடைசிப் பாயில் உட்காருவார்கள். எங்கள் ஜாதி வேறு, அவர்கள் ஜாதி வேறு என்பது யாரும் சொல்லித் தராமலே எனக்குத் தெரிந்திருந்தது.

"ஊர்ல சண்டை ஏன், களவு ஏன், பட்டினி ஏன்? ஒருத்தன் சர்க்கார் சரியில்லங்கான், ஒருத்தன் காலம் சரியில்லங்கான். வேரு வெளிய இல்ல அண்ணாச்சி, இங்கன இருக்கு" என்று அப்பா தன் நெஞ்சில் தட்டுவார். அந்த சீசனில் ஒரு சனிக்கிழமை, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்ற ஒருவர், "வே உபதேசியாரே, குத்தாலத்துல நின்னுக்கிட்டு குரங்க விட்டுட்டீரே!" என்றார். கூட்டம் சிரித்தது. ராகேல் சிரித்த சிரிப்பில் கம்பே ஆடியது. அப்பாவும் சிரித்துவிட்டார்.

சாரல் விடவில்லை. அந்தப் பாதையில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்த ராகேலின் அம்மா, அப்பா நடுங்குவதைப் பார்த்துவிட்டுச் சுக்குக்காப்பி போட்டுக் கொண்டுவந்து, டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினாள். "குடிங்கய்யா, தொண்டை கட்டிரும்."

அப்பா டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னைக்கு உபவாசம்லாம்மா" என்றார்.

"ஐயோ, தெரியாமக் கொண்டாந்துட்டேனே, உபவாசத்தோடயா இவ்வளவு நேரம் நின்னு பேசுனிய!" என்று அவள் பதறிப்போய், காப்பியை ராகேலிடம் கொடுத்தாள். எனக்கும் குளிரத்தான் செய்தது. நான் கேட்கவில்லை.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் அப்பா ஒரு காப்பிக் கடையில் ஏறினார். அவருக்குக் காப்பி, எனக்கு உளுந்தவடை. பாதி குடித்திருப்பார், கடலைக் கூடையோடு ராகேலும் அவள் அம்மாவும் கடை முன்னால் வந்துவிட்டார்கள். அந்த அம்மா நின்று பார்த்தாள். அப்பாவைப் பார்த்ததும் எப்போதும் வணக்கமாகச் சொல்கிற தோத்திரத்தைச் சொல்லவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, ராகேலின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

நான் குறும்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். "யப்பா, உபவாசம்னு சொன்னியளே, அதுக்குப் படத்துணியில எந்த மிருகம்?"

"பேசாம தின்னுட்டி" என்றார். மீதிக் காப்பியை அவர் குடிக்கவில்லை.

பொய்க்கு நரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த டம்ளரைத் தொடாததற்கு எது? மயிலா? ஒட்டுப்போட்ட சட்டையோடு திரிந்த அப்பாவிடம் பெருமை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ராகேல் வீட்டார் கோவிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. செங்கோட்டைக்கு அப்பால் எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கூலிக்காகப் போனார்களா, அந்தக் காப்பிக்காகவா, தெரியாது. அப்பா அவர்களைத் தேடிப் போனார் என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். இல்லை, போக நினைத்தார் என்று சொன்னாளோ. அந்த சீசனோடு படத்துணி டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

வேர் நெஞ்சுக்குள்தான் என்று அப்பா சொன்னதை நான் இன்றும் நம்புகிறேன். அப்படியானால் அதைப் பிடுங்கச் சொன்னவருக்குள்ளேயே அது எப்படி இருந்தது? சபை முழுக்க இருந்ததே, பாய் பாயாக? காப்பி வேண்டும் என்று கேட்காமல் நின்ற எனக்குள்ளும் இருந்ததே? யோசித்தால் தலை சுற்றுகிறது.

இப்போது அந்தப் பாதையில் பிரசங்கமும் இல்லை, படத்துணியும் இல்லை, கடைகள்தான். போன மாதம் டிரங்குப் பெட்டியைத் துடைத்தபோது துணியை விரித்துப் பார்த்தேன். மயில் வெளுத்துவிட்டது. ராகேல் பிடிக்கிற பக்கம், இருதயத்துக்குள்ளே, கரிக்கோட்டில் ஏழாவதாக ஒன்று இருக்கிறது. தலை மட்டும் வரைந்து, உடம்பை முடிக்காமல் விட்டிருக்கிறது. என்ன மிருகம் என்று புரியவில்லை.

அந்தப் பக்கம் நான் நின்றதே இல்லை. அது முதலிலிருந்தே அங்கே இருந்ததா, நான் கேட்ட பிறகு அப்பா வரைய ஆரம்பித்தாரா என்பது ராகேலுக்குத்தான் தெரியும். செங்கோட்டைப் பக்கமோ எஸ்டேட் பக்கமோ என் வயதில் அப்படி ஒருத்தி இருந்தால், யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டி, நான் எழுதியது சரிதானா என்று கேட்டுச் சொல்லுங்கள். சொல்ல மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.