உள்ளிருந்து திறக்காத பூட்டு

கடைக்கு வருகிறவரின் முகத்தைச் சாவிக்காரர் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார். செருப்பு என்றால் "சொல்லுங்க" என்பார். பளபளக்கும் கறுப்பு ஷூ என்றால் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க என்று சொல்லிவிடுவார். "போலீஸ்காரனுங்க சட்டைய மாத்திட்டு வருவானுங்க. ஷூவ மாத்த மறந்துடுவானுங்க" என்பது அவருடைய கண்டுபிடிப்பு. போன வாரம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை இப்படித்தான் விரட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறாள் மனைவி. சாப்பாட்டுப் பையை அவளிடம்கூட இப்போது கொடுப்பதில்லை.

பையில் டப்பாவுக்கு அடியில் ஒரு பூட்டு இருக்கிறது.

எதிர்க் கட்டிடத்தின் மூன்றாம் மாடிக் கதவில் அதைப் பொருத்தியவர் அவர்தான். அங்கே ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். தம்பிக்கு மனநிலை சரியில்லை. கதவைத் திறந்துகொண்டு போய் நடு ரோட்டில் நிற்பான். அக்கா வேலைக்குப் போக வேண்டுமே. வெளியிலிருந்து சாவி போட்டால் மட்டும் திறக்கும்படி, உள்பக்கத் துளையைத் தகடு வைத்து அடைத்துக் கொடுத்தார். செய்யக் கூடாத வேலை என்று தெரியும், மனசு கேட்கவில்லை. ஒரு சாவி அவளிடம். தொலைந்தால் இருக்கட்டும் என்று இன்னொன்று கடையில்.

ஒரு மத்தியானம் தம்பி காய்கறிக் கத்தியோடு ஜன்னலில் நின்று கூச்சல் போட்டான். போலீஸ் கட்டிடத்தைச் சுற்றி வளைத்தது. வேலையிலிருந்து ஓடி வந்த அக்கா சாவியைத் தரவில்லை. களைத்தால் தூங்கிவிடுவான், நானே போய்க்கொள்கிறேன் என்று மன்றாடினாள். அதிகாரி நேரே கடைக்கு வந்தார். டாக்டரை உள்ளே அனுப்பத்தான் என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார், தோளில் தட்டினார். சாவிக்காரர் கொடுத்துவிட்டார். கால் மணி நேரத்தில் மூன்று குண்டுச் சத்தம். மாடிக்கு ஒரு டாக்டரும் ஏறவில்லை. தம்பியைத்தான் துணி மூடி இறக்கினார்கள்.

மறுநாளே போலீஸ்காரர்கள் அவரைப் புதுப் பூட்டு போடச் சொன்னார்கள். பழையதைக் குப்பையில் போடு என்றார்கள். பழைய இரும்பு எதுவும் அவர் கையைவிட்டுப் போனதில்லை, வைத்துக்கொண்டார். பிறகு பேப்பரில் வந்தது: அவனே கதவைத் திறந்து கத்தியோடு பாய்ந்தான், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று. உள்ளிருந்து அவன் திறந்திருக்கவே முடியாது, அதற்குச் சாட்சி தன்னிடம் இருக்கும் பூட்டுதான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அக்கா ஒரு முறை கடைக்கு வந்தாள். "அண்ணா, சாவி யாரு குடுத்தா?"

"தெரியலம்மா. உடைச்சிருப்பாங்க" என்றார், அவள் செருப்பைப் பார்த்து. அன்று முழுக்க ஒரு சாவியும் அவர் கையில் சரியாக அமையவில்லை.

பூட்டைப் பொருத்தியவர் என்று அவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அன்று மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு ஜோடிக் கறுப்பு ஷூக்கள். சுவரோரம் அக்காவின் தேய்ந்த செருப்பு. பூட்டைப் பற்றிக் கேட்டார்கள். சாவிக்காரர் சாப்பாட்டு டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தார். பூட்டை எடுத்துத் தகடு அடித்த பக்கம் தெரியும்படி மேஜையில் வைத்தார்.

"இந்தப் பக்கத்துலேருந்து திறந்து காட்டுங்க சார்."

யாரும் கை நீட்டவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். "சாவி நான்தாம்மா குடுத்தேன்" என்றார். செருப்பிலிருந்து மெல்லக் கண்ணை உயர்த்தி அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.