ராயபுரத்திலிருந்து பழவேற்காடு: ஓர் ஆரஞ்சு விளக்கோடு

காலை ஆறு மணிக்கு நங்கநல்லூரில் மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கினேன். நகரத்தின் தெற்கிலிருந்து வடக்குக்கு வந்து சேர்ந்ததில் சட்டை கசங்கவில்லை, யாரும் காலை மிதிக்கவில்லை, ரயில் நடுவழியில் நிற்கவில்லை. அன்றைய பயணத்தில் புகார் இல்லாத பகுதி அத்துடன் முடிந்தது.

நிலைய வாசலில் ஜாபர் பாய் காருடன் நின்றிருந்தார். ராயபுரத்தில் கப்பல் கயிறும் கொக்கியும் விற்பவர். நான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தபோது பல வருஷம் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். போன ஆண்டு அவர் ஒரு சிறிய எஸ்யுவி வாங்கினார். புதிதல்ல, இன்னொருவர் ஓட்டித் தீர்த்த டீசல் வண்டி. வாங்கியது அவர் மனைவி மெகருன்னிசாவுக்காக. இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவரால் ஆட்டோவில் ஏற முடியாது, தாழ்வான காரில் குனிந்து உட்காரவும் முடியாது. இந்த வண்டியின் இருக்கை அவர் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்து கால்களைத் திருப்பினால் போதும். இந்த வகை வண்டிகளை மலைமுகட்டில் நிறுத்திப் படம் எடுத்து விளம்பரம் செய்கிறார்கள். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் முழங்காலும் இடுப்பும் போனவர்கள் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தடையில்லாச் சான்று, வங்கிக் கடன் பதிவு நீக்கம், பெயர் மாற்றம், காப்பீட்டு மாற்றம் எல்லாவற்றையும் வரிசை தவறாமல் நானே முன்னின்று முடித்துக் கொடுத்தேன். ஆவணங்கள் நன்றாக ஓடின. வண்டிதான் ஓடவில்லை.

இதே வண்டி வைத்திருப்பவர்கள் இணையத்தில் எழுதும் புகார்களை ஓய்வு பெற்றவனுக்குரிய நிதானத்தோடு படித்து வைத்திருந்தேன். வண்டியின் தொடுதிரை உறைந்துபோகிறது. மழை பெய்தால் கூரைக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது. நெரிசலில் கிளட்ச் தீய்கிறது. பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஜாபர் பாயின் வண்டிக்கு இவை அனைத்தும் உண்டு. கடற்காற்று தின்ற கதவடித் துரு கூடுதல் வசதி. இவற்றோடு வாழ்ந்துவிடலாம். வாழ முடியாதது ஆரஞ்சு விளக்குதான். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது நிறைந்தால் விளக்கு எரியும். கவனிக்காவிட்டால் கண்சிமிட்டும். அதற்கும் மசியாவிட்டால் வண்டி, மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் வரமாட்டேன் என்று படுத்துக்கொள்ளும்.

பழவேற்காட்டில் மெகருன்னிசாவின் அக்கா இருக்கிறார். ராயபுரத்திலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தூரம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு முறை கிளம்பினார்கள். இரண்டு முறையும் போய்ச் சேரவில்லை. இரண்டாம் முறை, இழுவை வண்டி வரும்வரை மெகருன்னிசா பொன்னேரிக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கும் நடக்க முடியாது. அவர் இங்கே வருவதற்கில்லை.

"இன்னிக்கும் நின்னுச்சுன்னா அவ்ளோதான் சார். இனிமே இதுல ஏற மாட்டேன்னு சொல்லிட்டா. திங்கக்கெயம புரோக்கர் வந்து ஓட்டிகினு பூடுவான்" என்றார் ஜாபர் பாய். "பேசாம அந்த ஃபில்டர கொடைஞ்சி எடுத்துடலாம்னு மெக்கானிக் சொல்றான்."

"எடுக்கலாம். அது சட்டப்படி குற்றம். அப்புறம் புகைச் சான்று வாங்க என் பெயரைச் சொல்லிக்கொண்டு போகக்கூடாது" என்றேன்.

ராயபுரம் வீட்டு வாசலில் மெகருன்னிசா கைத்தடியுடன் தயாராக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தூக்குச்சட்டி. அக்காவுக்குப் பிடித்த கறிக் குழம்பு என்றார்.

"அண்ணே, நீங்க வேற வந்துகீறீங்க. தள்றதுக்கு ஒரு ஆளு கூட" என்றார். அவர் முன் இருக்கையில் ஏறினார், நான் அவருக்குப் பின்னால்.

ஏழரைக்குக் காசிமேடு தாண்டினோம். வலப்பக்கம் கடலும் பாறைத் தடுப்பும். இடப்பக்கம் கண்டெய்னர் லாரிகள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஊர்ப் பெயர்கள் மாறின, லாரிகள் மாறவில்லை. இந்தச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வரிசை நின்றால் உடனே இன்ஜினை அணைத்துவிடுவார்கள். துறைமுகக் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது; அதுவரை டீசலை எரித்துக்கொண்டிருப்பவன் பைத்தியக்காரன். லாரிக்காரர்களிடமிருந்து இது ஆட்டோவுக்கும் காருக்கும் தொற்றியிருக்கிறது. பிரேக் மிதிக்கும் காலும் சாவிக்குப் போகும் கையும் இங்கே ஒரே நரம்பில் கட்டப்பட்டவை. ஜாபர் பாய் பிறந்ததிலிருந்து இந்தச் சாலையில் இருப்பவர்.

எர்ணாவூர் முனையில் எல்லாம் நின்றுபோயிற்று. மணலி பக்கமிருந்து வரும் டிரெய்லர்கள் துறைமுகத்துக்குத் திரும்புவதற்காக எங்கள் பாதையையும் சேர்த்து அடைத்திருந்தன. ஒரு சைக்கிள்காரர் பதினைந்து ரூபாய்க்குக் காகிதக் கோப்பையில் டீ விற்றார். டீ நன்றாக இருந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் வரிசை ஓரடி ஊர்ந்தது, ஜாபர் பாய் இன்ஜினை எழுப்பினார், ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

முன்பக்க விசிறி திடீரென்று இரைந்தது. நின்றிருந்த வண்டியின் உறுமல் ஒரு படி கூடியது. இரும்பு காய்வது போன்ற வாசனை வந்தது. ஜாபர் பாயின் கை இன்ஜின் பொத்தானை நோக்கிப் போயிற்று.

"பாத்தீங்களாண்ணே?" என்றார் மெகருன்னிசா. "இந்த மாதிரி அது சவுண்டு உட ஆரம்பிக்கும். உடனே இவரு கயுத்த நெரிச்சிருவாரு."

"சூடாவுது மெகரு! கொஞ்ச நேரம் ஆறட்டும்னு ஆஃப் பண்றேன். வரிசைல எல்லாரும் ஆஃப் பண்ணிகினு கீறாங்களே!"

எனக்குச் சட்டென்று விளங்கியது. "பாய், கையை எடுங்கள்!" என்று கத்தினேன். அந்த வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்குள் சூடு ஏற்றி, சேர்ந்த கரியை எரிக்கும். விசிறியும் உறுமலும் வாசனையும் அதன் அடையாளங்கள். நடுவில் அணைத்தால் கரி அப்படியே தங்கிவிடும். நல்ல வேகத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடினால் முழுவதும் எரிந்துவிடும். ஜாபர் பாய் ஒவ்வொரு முறையும், பற்றிய அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அதுவும் கரிசனத்தோடு.

"அட அல்லாவே! நான் அதுக்கு நல்லது பண்றதா நெனச்சிகினு கீறேன்" என்றார்.

"நாப்பது வருஷமா எனக்கும் இதே நல்லதுதான்" என்றார் மெகருன்னிசா.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். முன்னால் நின்ற டிரெய்லரின் ஓட்டுநர். லுங்கியும் கழுத்தில் துண்டுமாக ஒரு நடுவயதுக்காரர்.

"இன்னா பாய், இத்தினி வண்டி ஆஃப் பண்ணிகினு நிக்குது, நீ மட்டும் உறுமிகினு கீற? மூஞ்சில அனல் அடிக்குது."

நான் கண்ணாடியை இறக்கி, புகை வெளியேற்ற விதிகளின் பின்னணியிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.

"பெர்சு, கதவு தொறந்துரப் போறான். சுருக்கா சொல்லு."

மெகருன்னிசா குறுக்கிட்டார். "வண்டி வயித்துல கரி அடைச்சிகினு கீதுப்பா. ஓடுனாத்தான் வெளிய போவும். நின்னா பேஜாருதான், இடுப்பு ஆப்பரேசன் பண்ணிகினு கீறேன், எறங்கி நடக்கவும் முடியாது."

"மலச்சிக்கல்னு சொல்லும்மா! பெர்சு இன்னாவோ பார்லிமெண்டு மாதிரி பேசிகினு கீது." அவர் சிரித்துவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அவசரமா போவணுமா? ஐஸ் வண்டி வருது பாரு, அது பின்னாடி ஒட்டிக்க."

இந்தச் சாலையில் எவருக்கும் வழி விடாதவர்கள் ஐஸ் வண்டிக்கு மட்டும் வழி விடுவார்கள். கரையில் மீன் இறங்கும் நேரத்தில் ஐஸ் போய்ச் சேராவிட்டால் ஒரு குப்பத்தின் அன்றைய பிழைப்பு நாறிப்போகும். டிரெய்லர்காரர்களில் பலருக்கு அந்தக் குப்பங்களில் மச்சானோ மாமனோ உண்டு. இதற்கு எந்த அரசாணையும் கிடையாது. எனக்குத் தெரிந்த அரசாணைகளை விட ஒழுங்காக நடக்கிறது.

தண்ணீர் ஒழுகும் சிறு லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது. டிரெய்லர் ஓட்டுநர் அதன் கதவில் ஓங்கித் தட்டினார். "மாமு, பின்னாடி ஒரு வெள்ள வண்டி வருது, அத்தயும் இட்டுனு போ. உள்ள ஆப்பரேசன் பண்ண அம்மா கீறாங்க."

"வரச்சொல்லு. பிரேக் அடிச்சா என் மேல ஐஸ் சரியும், அவங்க மேல நான் சரிவேன், பரவால்லியா?" என்றார் ஐஸ் வண்டிக்காரர்.

டிரெய்லர்கள் உயிர்பெற்று ஒரு முழம் முன்னே, ஒரு முழம் பின்னே நகர்ந்தன. உருவான சந்தில் ஐஸ் வண்டி நுழைந்தது. அதன் வாலைப் பிடித்தபடி நாங்கள் நுழைந்தோம். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்க வேண்டியிருந்தது. மெகருன்னிசா தூக்குச்சட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். எண்ணூர் வரை ஐஸ் வண்டி முன்னால் ஓடியது. விளக்கும் எங்களோடு எரிந்துகொண்டே வந்தது.

கத்திவாக்கத்தில் ஐஸ் வண்டி குப்பத்துக்குள் திரும்பியது. வழியோரம் நீல வலைகளை விரித்துப் போட்டு ஓட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாலத்தில் ஏறினால் கழிமுகம். இடுப்பளவு தண்ணீரில் சிலர் கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ஓலைப்பறிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னணியில் அனல்மின் நிலையப் புகைக்குழாய்கள். படம் எடுக்க ஆசைதான். வண்டியை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் வரவில்லை.

அத்திப்பட்டு வழியாக மீஞ்சூரை நெருங்கியபோது விளக்கு கண்சிமிட்ட ஆரம்பித்தது. போன முறையும் இப்படித்தான் தொடங்கியது என்றார் ஜாபர் பாய். அடுத்தது பஞ்சர் கடை. பொன்னேரிக்குப் போகும் சாலையில் சந்தை, பேருந்து, வேகத்தடை. மேற்கே திரும்பினால் வண்டலூருக்குப் போகும் வெளிவட்டச் சாலை: ஆறு வழி, காலையில் காலி.

"மேற்கே திருப்புங்கள்" என்றேன்.

"அக்கா வூடு வடக்கால கீதுண்ணே" என்றார் மெகருன்னிசா.

"தெரியும். இருபது நிமிடம் எதிர்த்திசையில் ஓட வேண்டும்."

"அங்க போயி நின்னுச்சுன்னா பஞ்சர் கடை கூட கெடையாது." தூக்குச்சட்டியின் மூடியை ஒரு முறை அழுத்தி மூடினார். பிறகு கணவரின் தோளைத் தட்டினார். "திருப்புங்க. நிக்கறதுன்னா எங்க நின்னா இன்னா."

திருப்பினார். அறுபது. எழுபது. எண்பதில் நிலைநிறுத்தச் சொன்னேன். எதிரே நேரான சாலை. இருபுறமும் ஏரிகளும் வேலி போட்ட மனைகளும். ஜாபர் பாய் இத்தனை மாதங்களில் நான்காம் கியருக்கு மேல் போனதே இல்லை என்பது அவர் கை தடுமாறியதில் தெரிந்தது. நான் விளக்கைப் பார்த்தேன், அவர் சாலையைப் பார்த்தார். மெகருன்னிசா கண்ணாடியை இறக்கினார். முக்காட்டின் நுனி என் முகத்தில் படபடத்தது. சுங்கச்சாவடியில் கட்டணம் கட்டும்போது கூட இன்ஜினை அணைக்கவிடாமல் ஜாபர் பாயின் இடது கையை நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தேன். பணம் வாங்கிய பெண் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விளக்கு எந்த இடத்தில் அணைந்தது என்று சொல்ல ஆசை. ஆனால் அணைந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஏரியில் நாரைக்கூட்டம் இறங்குவதை மெகருன்னிசா காட்டினார், மூவரும் திரும்பிப் பார்த்தோம். மறுபடி முன்னால் பார்த்தபோது அந்த இடம் கறுப்பாக இருந்தது.

"எங்க சார் லைட்டு?" என்றார் ஜாபர் பாய், ஏதோ திருடுபோனது போல.

வந்த வழியே மீஞ்சூருக்குத் திரும்பி வடக்கே போனோம்; பத்தரை மணிக்குப் பழவேற்காடு. மெகருன்னிசா கதவைத் திறந்து, கால்களைத் திருப்பி, தடியை ஊன்றித் தானே இறங்கினார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா எழ முயன்று முடியாமல் இரு கைகளையும் நீட்டினார். "வர்றதுக்கு இத்தினி நாளாடி?" என்று ஒரு அதட்டல். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் தடவிக்கொண்டிருந்தார்கள். நானும் ஜாபர் பாயும் ஏரிக்கரைக்குப் போய் நண்டு விலை விசாரித்தோம். வாங்கும் உத்தேசம் இல்லாமல் விசாரித்ததில் சல்லிசாகவே தெரிந்தது.

நாலரைக்குக் கிளம்பினோம். எங்கள் நங்கநல்லூர் தெருவில் கார்கள் சாம்பல்நிற உறைக்குள் தூங்குகின்றன. சனிக்கிழமை தட்டித் துடைத்து, பிள்ளையார் கோயில் வரை போய்வந்து மறுபடி போர்த்திவிடுகிறார்கள். துரு கிடையாது, கீறல் கிடையாது, அக்கா வீடும் கிடையாது. என்னுடையதும் அங்கேதான் நிற்கிறது. சாம்பலும் உப்பும் கண்டெய்னருமாக இருக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு கார் என்ன பாடு பட்டாலும், எங்காவது போய்ச் சேர்வதற்காகப் படுகிறது.

மீஞ்சூர் நெருங்கியது. ஜாபர் பாய் மெதுவாகக் கேட்டார்: "புரோக்கர் கிட்ட இன்னா சொல்லட்டும்?"

"வேற வூட்ட பாக்கச் சொல்லுங்க" என்றார் மெகருன்னிசா. உடனே, "அந்தப் பெரிய ரோட்ல ஒரு வாட்டி போயிட்டுப் போலாம்."

"லைட்டே எரியலியே மெகரு. எதுக்கு?"

"எரிஞ்சாத்தான் போவணுமா? காலைல காத்து நல்லா இருந்துச்சு."

ஜாபர் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். விதிமுறையில் தடை ஏதும் இல்லை என்றேன். அவர் மேற்கே திருப்பினார். மெகருன்னிசா அதற்குள் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டிருந்தார்.