கோயிலுக்குள் ஒரு கதீட்ரல்

நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டுடியோ ராயபுரத்தில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே இருந்தது. கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தால் மேலே ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு டீ குடிப்போம். ஆடியோ டிப்ளமோ முடித்த பெண் என்று என்னை எடுத்துக்கொண்ட முதலாளி சேவியர் சார், முதல் நாளே மொத்தப் பாடத்தையும் ஒரே மூச்சில் நடத்தி முடித்துவிட்டார்.

"இத பாரும்மா செல்வி. கானான்னா 'ஹால்' போடு. கல்யாணப் பாட்டுன்னா 'ரூம்' போடு. கோயில் பாட்டுன்னா கண்ண மூடிகினு 'கதீட்ரல்' போடு. அவ்ளோதான் ரிவெர்பு. இதுக்கா காலேஜுக்குப் போய் படிச்சிகினு வந்த?"

காலி வீட்டில் பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருமே, அதைக் கம்ப்யூட்டரில் செய்வதுதான் ரிவெர்ப். சுவர் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், குரல் எவ்வளவு மெதுவாக அடங்க வேண்டும், எல்லாம் மௌஸ் நகர்த்தினால் மாறும். நகர்த்தச் சோம்பல்படுகிறவர்களுக்காக சாஃப்ட்வேரிலேயே ரெடிமேட் செட்டிங்குகள் இருக்கும். அவைதான் சார் சொன்ன ஹாலும் ரூமும் கதீட்ரலும். கதீட்ரல் என்றால் பெரிய தேவாலயம், அதில் குரல் அடங்க நெடுநேரம் பிடிக்கும். எங்களிடம் வருகிறவர்கள் எல்லாவற்றையும் 'எக்கோ' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள்.

அப்படி எக்கோ கேட்டு வந்தவர்தான் லூர்து மாமா. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். போட் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி உரம் ஏறிய குரல். கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு அவரே ஒரு பாட்டு எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் மாதா கோயிலும் கோயில்தான், சர்ச் என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது சரணத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாத நான்கு பேரின் பெயர்கள் வரும். அதில் அந்தோணி என்பவர் லூர்து மாமாவின் சொந்த அண்ணன்.

"எங்க அண்ணி ரோசம்மாவுக்காவ எழுதனதும்மா இது. கொடியேத்தும்போது அண்ணன் பேரு கோயில்ல கேக்கணும். வேற ஒண்ணியும் வாணாம் எனக்கு" என்றார்.

பாடி முடித்தார். சேவியர் சார் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கதீட்ரலைத் தட்டிவிட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினார். லூர்து மாமாவின் கண் இரண்டும் விரிந்துவிட்டன.

"யம்மாடி! நானா இது? வானத்துலேருந்து வர்ற மாதிரி கீதே!"

கொஞ்சம் குறைக்கலாமே என்று வாயெடுத்தேன். "கைய வெச்சன்னா தெரியும்" என்று மாமா பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் மிரட்டினார். சிடி எழுதிக் கொடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் போட்டுப் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். உயரமான கூரை, மொழுமொழு என்று கல் சுவர். அந்தக் கட்டடத்துக்குச் சொந்தமாகவே எக்கோ உண்டு. அதற்குள் எங்கள் கம்ப்யூட்டர் கதீட்ரலும் புகுந்துகொண்டது. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறி, பாட்டு மொத்தமும் குழைந்த சோறாகிவிட்டது.

கடைசி பெஞ்சில் மீன்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரோசம்மா உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் கொழுந்தனிடம் கேட்டார்: "ஷோக்கா கீது லூர்து. உங்கண்ணன் பேரு எப்ப வரும்?"

அந்தப் பெயர் ஏற்கெனவே வந்து போயிருந்தது. விழாக் கமிட்டிச் செயலாளர் தயவு தாட்சண்யம் இல்லாமல், "வெள்ளிக்கிழம கொடியேத்தம். அதுக்குள்ள சரியா வரலன்னா வருஷா வருஷம் போடற பாட்டையே போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே லூர்து மாமா ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தார்.

"எக்கோ பத்தலம்மா. இன்னும் கூட்டு, கேட்டுடும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "மாமா, ஏலம் விடும்போது மைக்ல எக்கோ வெச்சுக்கிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஐயே, பேஜாராப் பூடும். வஞ்சிரத்துக்குச் சொன்ன வெல போய் சங்கராக் கூடைல வுழும். அப்பால அடிதடிதான்" என்றவர், ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஒரு பேரு மேல இன்னொரு பேரு வுழுந்துகினு கீது. இல்லம்மா?"

கதீட்ரலைக் கழற்றினேன். நடுவே வரும் ஹம்மிங்குக்கு மட்டும் லேசாக 'ரூம்' விட்டுவிட்டு, பெயர்கள் வரும் இடத்தில் ரிவெர்பை அடியோடு இறக்கி வெறும் குரலை வைத்தேன். இதற்கு எங்கள் தொழிலில் 'ட்ரை' என்று பெயர். மாமா கேட்டுவிட்டு மூஞ்சியைச் சுளித்தார்.

"உப்பே போடாத கொழம்பு மாதிரி கீது. நான் ஏலம் வுடற மாதிரியே கீது."

"உப்பு கோயில்ல இருக்கு மாமா. நாம இங்கயும் போட்டா வாயில வைக்க முடியாது."

சேவியர் சார், "பக்தியே இல்லாம பண்ணிட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சிடியை மட்டும் அவரே கொண்டுபோய்க் கமிட்டியில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்து வழிந்தது. பாட்டு தொடங்கியது. இரண்டாவது சரணம் வந்தது. ஒவ்வொரு பெயரும் தனித்தனியாக வந்து நின்றது. 'அந்தோணி' என்று ஸ்பீக்கர் சொன்னதைக் கல் சுவர்களும் கூரையும் வாங்கி நிதானமாகத் திருப்பிச் சொல்லின. எந்த சாஃப்ட்வேரிலும் நான் அப்படி ஒரு ரிவெர்பைக் கேட்டதில்லை.

ரோசம்மா எழுந்து நின்றுவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னால் நின்ற லூர்து மாமாவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"லூர்து! இன்னொரு தபா போடச் சொல்லு."

பழைய பாட்டையே போடலாம் என்ற செயலாளர்தான் ஓடிப்போய் மறுபடி போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் ஸ்டுடியோவில் சட்டம் மாறிவிட்டது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். பாட்டைக் கொண்டுவருகிறவரிடம் எவ்வளவு எக்கோ வேண்டும் என்று கேட்காதீர்கள். எங்கே போடப் போகிறார்கள், யார் கேட்க வேண்டும் என்று கேளுங்கள். பிறகு மௌஸில் கை வையுங்கள்.