ஸ்டீம் ஏறும் வரைக்கும் ஒரு கால் மணி நேரம்

அண்ணி மேல் பாய்லர்காரனுக்குப் பதினோரு வருஷக் கோபம். சும்மா கோபமில்லை. ஊறப்போட்டு, அலசி, இஸ்திரி போட்டு, மடித்து உள்ளே வைத்திருந்த கோபம்.

அண்ணி என்றால் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. இருப்பது ஒரே வீட்டில். இரண்டு பேருக்கும் வேலையும் ஒரே இடத்தில், ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக் கூடம். இவன் பின்கட்டில் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவன். அவள் முன்கூடத்தில் ஸ்டீம் பிரஸ் ஓட்டுகிறவள். நோயாளிகள் போடும் அங்கியைப் பலகையில் விரித்துக் காலால் மிதித்தால் மேல்பலகை இறங்கி உஸ்ஸென்று ஒரு மூச்சு விடும். ஒரு நாளைக்கு முந்நூறு அங்கி. அவளோடு ஆறு பெண்கள் போர்வை மடிக்கிறவர்கள்.

அந்தக் காலத்தில் இவனும் மற்றவர்களோடு ஏழு மணிக்குத்தான் வருவான். பாய்லரைப் பற்றவைத்து, ஸ்டீம் அளவு காட்டும் கேஜின் முள் பச்சைக் கோட்டுக்கு ஏறக் கால் மணி நேரம் பிடிக்கும். அதுவரை ஒரு மெஷினும் ஓடாது. பெண்கள் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அந்தக் கால் மணியைத்தான் அண்ணி பிடித்துக்கொண்டாள்.

"சும்மா நிக்கிற நேரம்தானேடி? வாங்க, ஆண்டவர்கிட்ட நாலு வார்த்தை பேசிட்டு வேலைய ஆரம்பிப்போம்" என்றாள். ஏழு பேரும் துணி வண்டியைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு முட்டிவலி, இப்படி. ஸ்டீம் வந்ததும் இவன் விசிலடிப்பான், அவர்கள் ஆமென் சொல்லிக் கலைவார்கள். இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது.

ஒரு நாள் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொல்லிவிட்டாள்: "ஆண்டவரே, எங்க வீட்டுத் தம்பிக்கு அந்தக் குடிய விட்டு விடுதலை குடும். டூல்ஸ் பெட்டிக்குள்ள வச்சிருக்கிற அந்தப் பாட்டில நீரே எடுத்துப் போடும்."

எடுத்துப் போட்டது ஆண்டவர் இல்லை, சூப்பர்வைசர். அந்த ஆள் அந்த நேரம் பார்த்துக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நேராகப் பின்கட்டுக்குப் போனான், பெட்டியைத் திறந்தான். இவனை ஒரு வாரம் வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள்.

"ஆண்டவர்கிட்ட சொன்னாங்களா, சூப்பர்வைசர்கிட்ட சொன்னாங்களா?" என்று வீட்டில் குதித்தான்.

அண்ணன்காரன் லாரி ஓட்டுகிறவன், சண்டையென்றால் காத தூரம் ஓடுகிறவன். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்கும், விடுடா" என்றான்.

வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே அண்ணி பாய்லர் ரூமுக்கு வந்து நின்றாள். "தம்பி, நான் பண்ணினது தப்பு. ஜெபம்னு நெனச்சுக்கிட்டு உங்க மானத்த வாங்கிட்டேன். மன்னிச்சிருங்க."

இவன் கேஜைத் துடைத்துக்கொண்டே இருந்தான். திரும்பவில்லை.

மறுநாள் சைக்கிளை மிதித்து ஆறரைக்கே வந்து பாய்லரைப் பற்றவைத்தான். ஏழு மணிக்குப் பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வரும்போது முள் பச்சையில் நின்றது. உடனே விசிலடித்தான். துணி வண்டியைச் சுற்றி நிற்க ஒரு நிமிஷம்கூட இல்லை. சூப்பர்வைசர் முதுகில் தட்டி, "இப்பத்தான்யா நீ ஆளு" என்றான். அந்தப் பஸ்ஸுக்கு முன்னால் வேறு பஸ் கிடையாது. மத்தியானச் சாப்பாடு ஆளுக்கொரு நேரம். சாயங்காலம் வீட்டு வேலை கூப்பிடும். கால் மணியை இவன் எடுத்துக்கொண்டான் என்றால் அது போனதுதான். ஏழு பேரும் ஒன்றாக நின்று ஜெபிக்க நாளில் வேறு இடமே இல்லை.

அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து கெஞ்சுவாள் என்று காத்திருந்தான். அவளோ வேறு வேலை பார்த்தாள்.

பாய்லர் ரூமிலிருந்து முன்கூடத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. பிரஸ்ஸின் மேல்பலகை இறங்கி ஏறுவதற்குள் அண்ணியின் உதடு அசைவதை அதன் வழியே பார்த்தான். பாட்டா, புலம்பலா என்று புரியவில்லை. மடிக்கிறவர்களில் ஒருத்தி, வெடி என்று பட்டப்பெயர், வாயைத் திறந்தால் கூடமே அதிரும். அவளிடம் கேட்டான்.

"ஒரு அங்கிக்கு ஒரு ஆளாம்ணே. போடப்போறது யாருன்னே தெரியாது. அவங்களுக்குச் சுகம் குடும்னு கேக்குறாங்க."

"முந்நூறுக்குமா?"

"அவசரத்துல ரெண்டு மூணு விட்டுப்போனா, அதுக்கும் சேர்த்து வீட்டுல போய்ச் சொல்லிருவாங்களாம்."

பெண்களுக்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பெரிய போர்வையை ஒருத்தியாக மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று முனையைப் பிடித்து, நடந்து வந்து சேரவேண்டும். முனையோடு முனை சேரும் அந்த நொடியில் ஒருத்தி தன் பாரத்தைச் சொல்வாள், மற்றவள் ஆமென் சொல்வாள். ஆனால் ஒரே கண்டிப்பு. அவரவர் பாரத்தை மட்டும்தான் சொல்லலாம். அடுத்த வீட்டு விஷயம் வாயில் வரக்கூடாது. ஒருத்தி தன் நாத்தனாரைப் பற்றி ஆரம்பித்தபோது அண்ணி பிரஸ்ஸிலிருந்தே குரல் கொடுத்தாள்: "ஏய், அவள ஆண்டவருக்குத் தெரியும். நீ உன்னப் பத்திச் சொல்லு!"

வீட்டிலும் அப்படித்தான். சமையல் முடிந்ததும் குடும்ப ஜெபம். அண்ணன் நாற்காலியில் முகத்தைப் புதைத்து முட்டி போடுவான், இரண்டாவது வரியில் குறட்டை கேட்கும். அண்ணி எழுப்பமாட்டாள். "வண்டி ஓட்டின உடம்பு. அவர் பங்கையும் நானே சொல்லிட்டேன்" என்பாள். அந்த நேரம் பார்த்து இவன் வெளியே போய்விடுவான். இவன் தட்டைத் தினமும் மூடி வைத்திருப்பாள்.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க இவனுக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படியே வருஷம் போனது. ஒரு நாள் வெடி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அண்ணே, நீங்க குடிக்கிறத விட்டு எத்தன வருஷமாச்சு?" என்றாள்.

"நான் எங்க விட்டேன்? ஆறரைக்குப் பாய்லர் பத்தவைக்கணும்னா ராத்திரி குடிக்க முடியுமா? தலை சுத்துனா பாய்லர் வெடிச்சிரும். அதான் தொடல."

"அப்ப அக்கா கேட்டது நடந்துருச்சே!"

இவனுக்கு முகம் செத்துப்போனது. அவள் ஜெபத்தைக் கெடுக்கவென்று விடிகாலையில் எழுந்து எழுந்து, அந்த ஜெபத்தை இவனே நிறைவேற்றி வைத்திருக்கிறான். ஆனாலும் மறுநாள் ஆறரைக்கே பற்றவைத்தான். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

போன மாதம் அண்ணிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள், வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே மூடிவிட்டார்கள். படுத்திருந்தது இவர்கள் துணி வெளுக்கும் அதே ஆஸ்பத்திரி. ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து இவன் போனபோது, போர்வை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவ தேய்க்கிற ரோலர்ல விடணும், இது ஒரே தடவதான் போயிருக்கு தம்பி. வெடியோட வேலை."

"நான் திட்டுறேன்."

"வேணாம். இந்த அங்கி நான் தேச்சதுதான். காலர்ல பாருங்க, மடிப்பு என்னோடது." சிரிக்கப் பார்த்தாள், வலித்தது. "எனக்கே ஜெபம் பண்ணியிருக்கேன் போல."

இவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அண்ணி, நான் வேணும்னேதான் சீக்கிரம் பத்தவச்சேன்."

"மொத நாளே தெரியும்."

"பின்ன ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"உங்க மானத்த வாங்கினவ நான். என் கால் மணிய நீங்க எடுத்துக்கிட்டீங்க. கேக்க எனக்கு வாய் ஏது?"

"எனக்குப் போதும் அண்ணி. கோபமெல்லாம் போதும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபிக்கிறாளா, தூங்கிவிட்டாளா என்று தெரியாமல் எழுந்தான். சட்டைக் கையைப் பிடித்தாள். அவள் இவனிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

"நாளைக்குப் பாய்லரப் பழையபடி ஏழு மணிக்குப் பத்தவைங்க தம்பி. அந்த ஆறு பேரும் ஒண்ணா நிக்கட்டும். நீங்களும் நில்லுங்க."

"பாய்லர விட்டுட்டு வர முடியாதே அண்ணி."

"வர வேணாம். துணி வண்டிய உங்க பாய்லர் ரூம் வாசலுக்குத் தள்ளிட்டு வரச் சொல்லி அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். நீங்க கதவ மட்டும் தொறந்து வைங்க."