மீன்தொட்டிக்கு ஒரு மூடி

மீன் தானாகத் தண்ணீரை விட்டு வெளியே வந்து சாகும் என்பது எனக்கு ஒன்பது வயதுவரை தெரியாது. வலை போட்டால் வரும், தூண்டிலில் மாட்டினால் வரும். யாரும் கூப்பிடாமல் வருமா? ஒரு புதன்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஷூவுக்குள் காலை விட்டேன். ஏதோ குச்சி போலக் குத்தியது. ஷூவைக் கவிழ்த்தால் சிவப்பு ஸ்வார்ட்டெயில் மீன் ஒன்று விழுந்தது. உடம்பு சுருங்கிக் காய்ந்துபோய், வாலின் கீழே நீண்டிருக்கும் அந்த வாள் மட்டும் விறைப்பாக நின்றது. நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடி வந்தாள். பாலும் பொங்கிப் போயிற்று.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. குரோம்பேட்டையை ஒட்டிய அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் இருந்தவர்கள் நாக்பூருக்கு மாற்றலாகிப் போகும்போது ஒன்றரை அடி நீளக் கண்ணாடித் தொட்டியையும் அதில் இருந்த ஏழு மீன்களையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூடியைக் கொடுக்கவில்லை. அதற்கு மூடி என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

குரோம்பேட்டையில் மீன்தீனி விற்கிற கடைக்காரரிடம் போய், என் மீன் தற்கொலை செய்துகொண்டது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தொறந்து வச்சிக்கினு கீறியா? ஸ்வார்ட்டெயிலு குதிக்காம இன்னா பண்ணும்? மேல எதனா போட்டு மூடு பாப்பா. காத்து போவணும், அவ்ளோதான்."

அப்பாவிடம் கேட்டேன். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் எந்தப் பிரச்சினைக்கும் அவர் வைத்திருந்த விடை ஒன்றுதான்: "பார்க்கலாம்." எனவே நானே மூடி செய்ய ஆரம்பித்தேன். முதலில் பழைய காலண்டர் அட்டை. இரண்டே நாளில் ஈரம் ஏறி, அப்பளம் போல நடுவில் தொய்ந்து தண்ணீருக்குள் விழுந்தது. அடுத்தது கொசுவலை. பழைய வலை என்று நினைத்து வெட்டியது புதிய வலையாக இருந்துவிட்டது. அம்மா என்னிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. வலையும் நிற்கவில்லை, ஒரு கௌராமி மீன் அதன் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், நாற்காலிக்கு அடியில் எறும்புகளுக்கு இரையாகிக் கிடந்தது.

இன்னொன்றும் குதித்துச் செத்து நான்கு மீன்கள் மிச்சமிருந்தபோது அந்தச் சனிக்கிழமை வந்தது.

அன்றைக்கு அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள். அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். இருபத்தேழு வயது. கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாள். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எட்டு மாதம் அவள் வீட்டில் இல்லை. பாளையங்கோட்டையில் ஏதோ பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார்கள். நான் அவளுக்குக் கடிதம் எழுதுவேன். அப்பா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்வார். பதிலையும் அவரே கொண்டுவந்து கொடுப்பார். திரும்பி வந்தபோது அத்தை கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பயிற்சி அவளுக்கு ஒத்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் மாடம்பாக்கத்தில் இருந்தார்கள். திருச்சபையில் பழக்கமானவர்கள் மூலமாக வந்த சம்பந்தம். மாப்பிள்ளையின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. இந்தத் தகவலை அப்பா கொஞ்சம் பயத்தோடுதான் சொன்னார். பதினொரு மணிக்கு வருகிறார்கள் என்றால் அம்மா ஏழு மணிக்கே உளுந்து அரைத்து முடித்துவிட்டாள்.

அன்று காலையிலும் ஒரு மீன் தரையில் கிடந்தது. இப்போது மூன்றுதான். நான் அழுதேன். வீடு பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு எரிச்சல்.

"இன்னிக்குத்தானா இது? வர்றவங்க காலடியில மீன் துள்ளி விழணுமா? அப்பா வந்ததும் தொட்டியைத் தூக்கிப் பின்னாடி வைக்கச் சொல்றேன்."

அப்பா விருந்தாளிகளை அழைத்துவரப் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தார். நான் அழுதுகொண்டே அத்தையின் அறைக்குப் போனேன். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்ணாடியிலேயே பார்த்தாள். பிறகு சீப்பை வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். புடவைகளுக்கெல்லாம் கீழே ஒரு பெரிய பழுப்பு நிற உறை இருந்தது. அதிலிருந்து கறுப்பாக, வழவழப்பாக ஒரு பெரிய தாளை உருவினாள்.

"இது போதுமா பாரு."

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெள்ளை வெள்ளையாக எலும்புகள்.

"யாரோட எலும்பு அத்தை?"

"என்னோடதுதான். எக்ஸ்ரே."

"எதுக்கு எடுத்தாங்க?"

"அப்ப இருமல் இருந்துச்சு. இப்ப இல்ல."

தண்ணீர் பட்டாலும் ஊறாது, தொய்யாது, காற்றில் பறக்காது. இத்தனை நாள் இதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு காலண்டர் அட்டையோடு மல்லாடியிருக்கிறேன். தொட்டியின் மேல் வைத்துப் பார்த்தோம். நீளத்தில் ஓர் அங்குலம் குறைந்தது. காற்றுக் குழாய் போக அது சரியான இடம். அகலத்தில் இரண்டு அங்குலம் அதிகம். வெட்ட வேண்டும். தாளின் ஓரத்தில் ஒரு பக்கம் வெள்ளை மையில் ஏதோ எழுதியிருந்தது. அது அசிங்கமாக இருக்கிறதென்று அந்தப் பக்கம் கத்தரிக்கோலை வைத்தேன்.

"அங்க வெட்டாத. எதிர்ப்பக்கம் வெட்டு."

"அந்தப் பக்கம் எழுத்து இருக்கு அத்தை. பார்க்க நல்லா இருக்காது."

"இருக்கட்டும்."

கோணி ஊசியை மெழுகுவத்தியில் சுட வைத்துக் காற்றுக்காகத் துளைகள் போட்டேன். கருகிய நாற்றம் வந்தது. நான்கு மூலையிலும் செல்லோ டேப். வேலை முடிந்து தொட்டிக்கு முன்னால் நின்றபோது, ஜன்னல் வெளிச்சத்தில் அத்தையின் விலா எலும்புகளுக்குக் கீழே மூன்று மீன்களும் பத்திரமாகச் சுற்றி வந்தன. அதைவிட அழகான ஒன்றை நான் அதுவரை செய்ததில்லை. அத்தையும் பார்த்தாள். என் தலையைத் தடவிவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

வாசலில் அப்பாவின் குரல் கேட்டதும் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். தொட்டியின் மேல் கறுப்பாக எதுவோ கிடப்பதைப் பார்த்தாள். "இதென்ன கண்றாவி" என்றபடி மேஜை விரிப்பை எடுத்து அதன் மேல் போட்டாள். என்னவென்று குனிந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை.

மூன்று பேர் வந்தார்கள். தலைமை ஆசிரியை, அவருடைய மகன், மகனின் தாய்மாமா. மாப்பிள்ளை ஒல்லியாக, தலையைக் குனிந்தபடி இருந்தார். தாய்மாமா சபையில் மூப்பர் என்பதால் முதலில் ஜெபம் பண்ணிவிடலாம் என்றார். அத்தை உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்றிருந்தாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். மாமா உலக சமாதானத்திலிருந்து ஆரம்பித்தார். நாட்டுத் தலைவர்களைக் கடந்து, தாம்பரம் வட்டாரத்துக்கு வந்து, எங்கள் வீட்டுக்கு அவர் வந்து சேர்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் 'டப்' என்று ஒரு சத்தம்.

மீன் குதித்து மூடியில் முட்டியிருக்கிறது. என் மூடி பிடித்துக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரும்பவும் 'டப்'. தலைமை ஆசிரியை கண்ணைத் திறந்து தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேர்தான் அந்த அறையில் கண்ணைத் திறந்திருந்தோம். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆமென் சொன்னதும், "என்னம்மா அது, உள்ள குதிக்குது?" என்று கேட்டார்.

"மீன், ஆன்ட்டி. வெளியே வராம நானே மூடி பண்ணியிருக்கேன்."

பிள்ளைகளின் கைவேலையைப் பார்த்துப் பழகிய மனுஷி. எழுந்து வந்து, விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். சிரித்துக்கொண்டுதான் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஓரத்து எழுத்துகளைப் படித்தார். பிறகு விரிப்பைக் கீழே போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இது யாரோட எக்ஸ்ரே சார்?"

அப்பா எழுந்து வந்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அது... மாடியில இருந்தவங்க... தொட்டியோட சேர்த்துக் குடுத்துட்டுப் போனது மேடம்."

ஜெபம் முடிந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பொய் சொன்னால் முட்டி போட வைக்கிற அப்பா. என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"பேரு உங்க தங்கச்சி பேரா இருக்கே சார்."

அப்பா பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்தேன். உதவி செய்யலாமென்று முன்னால் போனேன்.

"ஆமா ஆன்ட்டி, அத்தையோட எலும்புதான். அத்தைதான் குடுத்தாங்க. ஓட்டை மட்டும் நான் போட்டேன்."

அம்மாவின் கையிலிருந்த வடைத் தட்டு சாய்ந்து ஒரு வடை தரையில் உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை. அப்போது திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அத்தை வந்தாள். தட்டில் காபிக் கோப்பைகள் ஆடாமல் இருந்தன. ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். பிறகு நின்றபடியே சொன்னாள்.

"என்னோடதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு டி.பி. இருந்துச்சு. சானடோரியத்துல எட்டு மாசம் இருந்தேன். முழுசா குணமாயிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்த பேப்பரும் உள்ள இருக்கு. வேணும்னா காட்டுறேன்."

சானடோரியமா? குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன், டி.பி. ஆஸ்பத்திரி இருக்கிற இடம். தாம்பரம் போகிற ரயிலில் எத்தனை தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக் கையாட்டியிருக்கிறேன். பாளையங்கோட்டை என்று விலாசம் எழுதி நான் கொடுத்த கடிதங்கள் அத்தனையும் அப்பாவின் சைக்கிளிலேயே போய் வந்திருக்கின்றன. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் என் அத்தை இருந்திருக்கிறாள், எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்த அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் எனக்கு அந்நியர்களாகத் தெரிந்தார்கள்.

தலைமை ஆசிரியை கோப்பையை உதட்டருகே கொண்டுபோயிருந்தார். குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார். தாய்மாமாவும் எழுந்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் உட்கார்ந்தபடி தன் காபியை நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையை அத்தையின் கையில் கொடுத்து, "நல்லா இருந்துச்சுங்க" என்றார். அவருடைய அம்மா கூப்பிட்டதும் போய்விட்டார். பிறகு அவர்கள் வரவில்லை.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் அப்பா தொட்டியிலிருந்து எக்ஸ்ரேயைப் பிய்த்தெடுத்தார். கிழிக்கப் பார்த்தார். அது கிழியவில்லை. மடக்கினார், மடங்கி, பிறகு தானாக நிமிர்ந்தது. அதைத் தரையில் வீசிவிட்டு மேஜையிலிருந்து மர ஸ்கேலை எடுத்தார். நான் கையை நீட்டினேன். என்ன தப்பு செய்தேன் என்று தெரியாவிட்டாலும், நீட்டிவிட்டால் சீக்கிரம் முடியும் என்று தெரியும்.

அத்தை வந்து ஸ்கேலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளை ஏன் அடிக்கிறீங்க? நான்தான் அண்ணா குடுத்தேன். வேணும்னுதான் குடுத்தேன். சொல்லிடுங்க, சொல்லிடுங்கன்னு மூணு மாசமா உங்ககிட்ட கெஞ்சினேன். கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சா என் கதி என்னன்னு யோசிச்சீங்களா?"

"சொன்னா எவன்டி வருவான்?" என்றார் அப்பா. சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அப்பாவுக்கு அழத் தெரியும் என்பது அன்றைய காலையின் கடைசி அதிர்ச்சி. அத்தை அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எக்ஸ்ரேயை எடுத்துத் துடைத்துத் தொட்டியின் மேல் வைத்து, புது டேப் ஒட்டினாள்.

அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை. அம்மாவும் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். விருந்தாளிகளுக்குச் செய்த கேசரியும் வடையும் அப்படியே இருந்தன. அத்தை சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான்கு வடை சாப்பிட்டாள். கேசரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு அடி விழக்கூடாதென்றுதான் "வேணும்னுதான் குடுத்தேன்" என்று அப்பாவிடம் பொய் சொல்லியிருக்கிறாள். மீனுக்காக நான் அழுததால்தானே கொடுத்தாள்? என்னால் கல்யாணமே நின்றுபோயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நன்றிக்கு என் கேசரியிலிருந்த முந்திரிப் பருப்புகளைப் பொறுக்கி அவள் தட்டில் வைத்தேன். ஒவ்வொன்றாக ரசித்துத் தின்றாள். இப்படி ஒரு நாளில் ஒருத்திக்கு எங்கிருந்து இத்தனை பசி வருகிறது என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.