ஓரகத்தி கிண்டிய பல்கைமாக்

என் கணவரின் தம்பி கஜகஸ்தானுக்கு எண்ணெய் கம்பெனி வேலைக்குப் போனவர். அங்கேயே ஒரு கஜாக் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, போனில்தான் வீட்டுக்குச் சொன்னார். அன்றிலிருந்து என் மாமனார் அவரோடு பேசவில்லை. போன தை மாதம் இருவரும் மொரப்பூரில் ரயில் இறங்கி வீட்டுக்கு வந்தபோதும், "வந்தவங்களச் சாப்புடச் சொல்லும்மா" என்று என்னிடம்தான் சொன்னார்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. எங்கள் வீட்டுக் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். பிறகு தயிர்சோறும் வாழைப்பழமுமாகவே ஓட்டினாள். எங்களுக்குள் பேச போன்தான் துணை. ஒருநாள் காலை போனில் ஏதோ சொல்லி என் முன்னால் நீட்டினாள்.

"அப்பாவுக்கு இனிப்பு செய்ய வேண்டும். எனக்கு நிறைய கொழுப்பு வேண்டும்" என்றது போன்.

கூடத்தில் இருந்த மாமனார், "ஏன், இருக்கறது பத்தலையாமா?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொழுந்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பாலேடு கேக்கறா அண்ணி. அவங்க ஊரு பல்கைமாக். ஏட்டையும் தேனையும் சேத்துக் கிண்டுவாங்க."

பக்கத்து வீட்டு எருமைப்பாலைக் காய்ச்சிக் காய்ச்சி ஏடு சேர்த்தேன். தெரிந்தவர் மூலம் சித்தேரியிலிருந்து மலைத்தேன் வாங்கி வந்தார் என் கணவர். அவள் தேனை விரலில் தொட்டு நக்கிவிட்டு, அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள்.

அடிகனமான பாத்திரத்தில் ஏட்டைப் போட்டு, அடுப்பைச் சிறிதாக வைத்துக் கிளறினாள். அது உருகிக் கொதித்ததும் தேனை ஊற்றினாள். கோதுமை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினாள். ஓரத்தில் நெய் பிரிந்து, வீடெல்லாம் மணந்தது. இனிப்பென்றால் ஏலக்காய் இல்லாமலா? நான் பொடியை எடுத்தேன். அவள் பதறி, "ஜோக்! ஜோக்!" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தபடியே போட்டுவிட்டேன். அவர்கள் மொழியில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தமாம். கொழுந்தனார் சொன்னதும் எனக்கு முகமே செத்துவிட்டது. அவளோ ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, ஏலக்காய் டப்பாவை எடுத்துத் தன் பையில் வைப்பதுபோல் நடித்துக் காட்டினாள்.

சூடான தோசையோடு மாமனாருக்கு அவளே வைத்தாள். அவர் குனிந்த தலையோடு தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். இரண்டாவது தோசையையும் முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லாருக்குது கண்ணு. இன்னுங் கொஞ்சம் வையி."

கொழுந்தனார் ஆர்வமாக அதை அவளுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

"உன்னயக் கேட்டனா? அதுக்குப் புரிஞ்சுது, பாரு" என்று அதட்டினார் மாமனார். கல்யாணத்துக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். திட்டு வாங்கிய கொழுந்தனாருக்கு முகமெல்லாம் பல்.

கொஞ்ச நேரம் கழித்து மாமனாரே ஆரம்பித்தார். "அவங்க வூட்ல மாடு இருக்குதான்னு கேளுடா."

"குதிரைதாங்கப்பா நெறைய. அதுலயும் பால் கறப்பாங்க."

"குதிரையிலயா? ஒதைக்காதா?"

அவள் எழுந்து நின்று, குதிரைக்குப் பக்கத்தில் எப்படி மண்டி போட்டுக் கறப்பார்கள் என்று செய்து காட்டினாள். மாமனார் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார், மகன் இரு பக்கமும் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு மிஞ்சியது பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததுதான். அதைச் சுரண்டித் தின்றபடியே நானும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன்.