இரண்டடித் தொட்டியில் ஐந்து மீன்

எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போவில், வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் கடல்மீன் விற்றவர் அவர், ஒல்லியானவர். எந்தத் தொட்டியானாலும் குந்தி உட்கார்ந்து, கண்ணை மீனின் உயரத்துக்கு வைத்துத்தான் பார்ப்பார்.

அவரிடம் வாங்கிய நீல மீன் என் இரண்டடித் தொட்டியில் வெளிறி, நிமிடத்துக்கு நூற்றிருபது முறை மூச்சிரைத்தது. செத்துவிடுமென்று பயந்து அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

"எத்தனை மீன் வச்சிருக்கீங்க, அண்ணே?" என்றார்.

"ஒன்னுதான்."

"அஞ்சு லா! நாலு கண்ணாடியிலயும் ஒவ்வொன்னு முறைக்குது. அது தன் உருவம்னு இதுக்குத் தெரியாது. ரெண்டடிக்குள்ள எங்க ஓடும்? நாள்பூரா சண்டைதான்."

மீனை வாளியில் எடுத்துப்போய்த் தம் ஆறடித் தொட்டியில் விட்டார். ஒரு வாரத்தில் நீலம் திரும்பி, நிதானமாக நீந்தியது.

அவரை அழைப்பதற்கு முன், என் வீட்டில் பத்து நாள் நான் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் எதைப் பார்க்கிறது என்று, ஒரே பார்வையில் அவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ!